ஒழுகாத விரிசல்

உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். என் கால் ஓயவில்லை. காலையில் எண்ணூரில் ரயில் ஏறினால் ராயபுரத்தில் இறங்கும்வரை அது ஆடிக்கொண்டேதான் வரும். கொருக்குப்பேட்டையில் சிக்னலுக்காக வண்டி நிற்கும்போதெல்லாம் பக்கத்துப் பாலத்தின் மேல் என் கண் போய்விடும். இதை யார் சோதித்தார்கள், அன்றைக்கு அவர்களுக்கு வீட்டில் ஏதாவது சண்டையா, வெயில் தாங்காமல் பாதியில் இறங்கிவிட்டார்களா என்று மனம் ஓடும். எதிரே இருப்பவர்கள் நான் வேடிக்கை பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

என் பெயர் மோகனப்ரியா. கட்டுமானப் பொறியியல் நிறுவனம் ஒன்றில் என்.டி.டி. பிரிவுக்குத் தலைவி. அடிக்காமல், உடைக்காமல், அறுக்காமல் ஒரு இரும்புக்குள்ளே என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்கிற பிரிவு அது. எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் இதை விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கடைசியில் அம்மாவே 'இரும்புக்கு ஸ்கேன் எடுக்கிறவ' என்று ஊருக்குச் சொல்லிவைத்தாள். அதற்கப்புறம் தெருவில் யார் வீட்டு மிக்சி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

தலைவி ஆகும்வரை எனக்கு நிம்மதி இருந்தது. கருவி என் கையில் இருக்கும், நானே பார்ப்பேன், நானே சொல்வேன். இப்போது என் கீழ் வேலை செய்கிற தேவப்பிரியம் அண்ணன் பார்க்கிறார், ஷிபின் பார்க்கிறான், அவர்கள் பார்த்ததற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். அடுத்தவர் சமைத்ததை வாயில் வைக்காமலே உப்பு சரியாக இருக்கிறது என்று சத்தியம் செய்கிற வேலை. சம்பளம் கூடியது, தூக்கம் குறைந்தது.

ஜூன் மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வாரத்தில் அந்தப் போன் வந்தது.

திருவொற்றியூர்ப் பக்கம் கடலையொட்டி ஒரு படகு யார்டு இருக்கிறது. எங்கள் உறவு முறையில் மாமாவான பொன்னுரங்கம் நடத்துவது. தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி அங்கேதான் பெயின்ட் அடித்து, அடிப்பாகம் செப்பனிட்டு நிற்கும். படகைத் தூக்கிக் கரையில் வைக்கவும் திரும்பக் கடலில் இறக்கவும் ஒரு பெரிய இரும்புத் தூக்கி உண்டு. நான்கு கால், காலுக்கடியில் சக்கரம், மேலே உத்தரம், அதிலிருந்து தொங்குகிற பட்டைகள். படகைக் கால்களுக்கு நடுவே விட்டுப் பட்டையில் தூக்கி அப்படியே நடந்துபோகும். யார்டில் அதற்கு யானை என்று பெயர். யானைக்கு வருஷா வருஷம் சோதனை உண்டு. அதை எங்கள் நிறுவனம்தான் செய்கிறது. இந்த வருஷம் என் தம்பி வெற்றியின் படகும் அந்த யார்டில் இருப்பதை எம்.டி.யிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அப்படியென்றால் தேவப்பிரியம் பார்க்கட்டும், நீ கையெழுத்து மட்டும் போடு என்றார். நான் எதையும் மறைக்கவில்லை என்று அவருக்குத் திருப்தி. எனக்கு வழக்கம்போல் கால் ஆடத் தொடங்கியது.

சோதனையில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, இரும்பின் மேல் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளிப்பது. விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய சாயம் கசிந்து வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும். இன்னொன்று காந்தம். காந்தத்தை வைத்து இரும்புத்தூள் தூவினால், விரிசல் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் தூள் அந்த இடத்தில் போய்க் கோடு கட்டும். காந்தம்தான் நம்பகம். ஆனால் எங்களிடம் இருந்த ஒரே நல்ல காந்தத்தை நான் ஷிபினோடு கொருக்குப்பேட்டை நடைமேம்பாலத்துக்கு அனுப்பிவைத்திருந்தேன். யானைக்குச் சாயம் போதும் என்று முடிவு செய்தது நான்தான்.

"மேடம், முன்பக்கத்து இடது கால்ல ஒரு கோடு வருது. நீங்க ஒரு தபா வந்து பாத்துட்டா தேவல," என்றார் தேவப்பிரியம் அண்ணன். என்னைவிட வயதில் மூத்தவர், ராயபுரத்துக்காரர். கோடு என்று அவர் சொன்னால் கோடுதான்.

எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, ஆட்டோவில் உட்கார முடியாமல் பாதி வழி நடந்தே போனேன். கால் வந்து அடிச்சட்டத்தோடு சேர்கிற வெல்டிங் பற்றவைப்பில், இடுப்பு உயரத்தில், விரல் நீளத்துக்குச் சிவப்பு. கோடுதான். ஆனால் ஓரத்தில் கொஞ்சம் தீற்றிக்கொண்டும் இருந்தது.

பொன்னுரங்கம் மாமா சிரித்தார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் யானைக்குப் பூசை போட்டிருக்கிறார்கள். பூசணிக்காய் உடைத்து, நான்கு காலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கியிருக்கிறார்கள். குங்குமம் வைத்தது யார் என்றால் என்னைப் பெற்ற அங்கம்மா. முதல் படகாக வெற்றியின் படகு இறங்கச் சீட்டு விழுந்திருந்ததால் அந்த மரியாதை எங்கள் வீட்டுக்கு.

"பாப்பா, இது உங்கம்மா வெச்ச குங்குமம். சந்துல பூந்துகினு கீது, அவ்ளோதான். உன் ஆளு மாதா கோயிலுக்குப் போறவரு, அவருக்கு இன்னா தெரியும்," என்றார் மாமா.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தேவப்பிரியம் அண்ணனும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபப்படவும் முடியவில்லை, ஏனென்றால் மாமா சொன்னது நடக்காத விஷயம் இல்லை. பற்றவைப்பின் ஓரத்தில் சின்னப் பள்ளம் இருந்து, அதில் எண்ணெயோடு குங்குமம் இறங்கியிருந்தால் இப்படியும் தெரியலாம். விரிசலா, பள்ளத்தில் தங்கிய குங்குமமா என்று அந்த நிமிஷம் என்னால் சொல்ல முடியவில்லை.

தடைக்காலம் முடிய ஒரு நாள்தான் பாக்கி. இரண்டு மாதம் வலை விழாத கடலில் முதல் ஓட்டத்துக்குப் போகிறவனுக்குத்தான் மீன். அந்த ஒரு ஓட்டத்தை நம்பித்தான் யார்டில் அத்தனை படகும் நிற்கிறது. யானை இல்லாமல் ஒன்றுகூடக் கடலைத் தொட முடியாது. மறுபக்கம், படகு தூக்கும்போது ஒரு கால் முறிந்தால், அடியில் கயிறு பிடித்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் படகு இறங்கும்போது முன்பக்கத்து இடது காலடியில் கயிறு பிடிக்கப்போவது படகுக்குச் சொந்தக்காரன். என் தம்பி.

யானையை யாரும் ஓட்டக் கூடாது என்பதற்கு அடையாளமாகக் காலைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டச் சொன்னேன். கோடு வந்த இடத்தை யார்டுக்காரர்கள் தின்னர் போட்டு, கம்பிப் பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்து வைக்க வேண்டும், நாளைக் காலையில் மறுபடி சாயம் போட்டுப் பார்ப்போம் என்றேன். குங்குமமாக இருந்தால் போய்விடும், விரிசலாக இருந்தால் போகாது. நியாயமான பேச்சாகத்தான் எல்லோருக்கும் பட்டது, எனக்கும்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் சோறு இறங்கவில்லை. குழாயடியில் பேச்சு முழுக்க நான்தான் என்று அம்மா சொன்னாள். படிச்ச பொண்ணு சொந்தக் குப்பத்துப் படகையே கட்டிப்போட்டுச்சு, தம்பி நல்லா இருக்கறது பொறுக்கல என்கிறார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாலும், அவள் வைத்த குங்குமம் சம்பந்தப்பட்டது என்பதால் முகம் சிறுத்துப்போயிருந்தது.

வெற்றி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"நெஜமாவே வெடிப்பாக்கா அது?"

"தெரியலடா."

"தெரியலன்னா இன்னா அர்த்தம்? உன்ன அல்லாரும் கேவலமா பேசிகினு கீறாங்க. எனக்கு காது குடுத்து கேக்க முடியல."

பேசட்டும் என்றேன். அவன் கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஆடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு அந்தக் கோடு வரலன்னா வுட்டுடுவியா?"

"வரலன்னா கையெழுத்துப் போட்டுடுவேன்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். டீக்கடைக்குப் போகிறான் என்று நினைத்தேன். இரும்புக்குள் இருப்பதையெல்லாம் பார்க்கிறவளுக்குத் தன் கூடப்பிறந்தவன் மனசுக்குள் இருப்பது தெரியவில்லை.

மறுநாள் காலை நான் போய்ச் சேர்வதற்குள் தேவப்பிரியம் அண்ணன் சாயம் பூசி, துடைத்து, வெள்ளை தெளித்து முடித்திருந்தார். கோடு இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. பால் ஊற்றிய மாதிரி வெள்ளை.

மாமா என் தலையில் கை வைத்து ஆசீர்வாதமே செய்துவிட்டார். யாரோ லட்டு வாங்க ஆள் அனுப்பினார்கள். தேவப்பிரியம் அண்ணன் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். நேற்று தான் பார்த்தது குங்குமம்தான் போல, வயசாகுது மேடம் என்று மெல்லச் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எம்.டி. போன் செய்தார். முடிந்ததா, கையெழுத்துப் போட்டாயா, சீக்கிரம் என்றார். போடுகிறேன் சார் என்று பேனாவைத் திறந்தேன். அப்படியே மூடினேன். மறுபடி திறந்தேன். யானையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கோடு இல்லை, சொன்ன வாக்கு இருக்கிறது, இன்னும் என்ன? பெட்டியிலிருந்து துணியை எடுத்து அந்த வெள்ளைப் பொடியைத் துடைத்தேன். கீழே இரும்பு பளபளவென்று இருந்தது. கம்பிப் பிரஷ் தேய்த்தால் கீறல் விழும். இதில் கீறல் குறைவு, மினுக்கம் அதிகம். கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தேன்.

விரலுக்கடியில் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒன்றையொட்டி ஒன்று, வரிசையாக. மேலே அரம் போட்டுச் சமன்படுத்தியிருந்தாலும் விரலுக்குத் தெரிந்தது. நசுங்கிய குடத்துக்கு ஒடுக்கு எடுத்தால் இருக்குமே, அப்படி.

இந்தப் பள்ளங்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இரும்புப் படகில் பற்றவைத்த இடத்தில் தண்ணீர் கசிந்தால், எங்கள் ஆட்கள் உருண்டை முகம் வைத்த சுத்தியால் கசிகிற வாயோரமாக அடித்துக்கொண்டே போவார்கள். இரும்பு நசுங்கிப் பரவி வாயை மூடிக்கொள்ளும். அப்பா அடிப்பார், நான் டார்ச் பிடிப்பேன். ஒழுகல் நின்றால் வேலை முடிந்தது. கரையில் யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை. பள்ளங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. பீச்சாங்கைக்காரன் அடித்தால்தான் அப்படிச் சாயும். குப்பத்தில் சுத்தி பிடிக்கிற பீச்சாங்கைக்காரன் ஒருத்தன்தான்.

வெற்றி அவன் படகின் நிழலில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். நான் போய் எதிரில் நின்றதும், நான் கேட்பதற்கு முன்னாலேயே அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. திருட்டுச் சிரிப்பு இல்லை. பரீட்சையில் பாஸான பையன் சிரிப்பு.

"நீதான் அட்ச்சியா?"

"ஆமாக்கா. சாய்ங்காலமே வந்துட்டேன். ஒழுகலுக்கு அடிக்கிற மாதிரியே பதமா அட்ச்சி, அரம் போட்டு, தின்னர் வெச்சி தொட்ச்சிட்டேன். வெடிப்போ, குங்குமமோ, அல்லாம் ஒட்டிகிச்சி. இப்ப கோடு கீதா?"

கன்னத்தில் ஒன்று விடக் கை துடித்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று எனக்கே தெரியும். கையைக் கட்டிக்கொண்டேன். அவன் எதையும் மறைத்ததாக அவனுக்குத் தோன்றவில்லை. அவன் ரிப்பேர் செய்திருக்கிறான். அக்கா மானத்தையும் சேர்த்து ரிப்பேர் செய்திருக்கிறான்.

"வெற்றி, போட்டுல தண்ணி வெளிய இருந்து உள்ள வருது. வாய அடைச்சா நின்னு போவுது. இதுல தண்ணியாடா வருது? பாரம் வருது. வாய அடைச்சா பாரம் நிக்குமா?"

அவன் சுற்றிய கயிறு கையிலேயே நின்றது.

குங்குமமாக மட்டும் இருந்திருந்தால் தின்னருக்கே போயிருக்கும், அடிக்க வேண்டியதே இல்லை என்றேன். அடித்ததால் இனி சாயம் போட்டு யாராலும் எதையும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது என்றேன். அவன் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"அப்போ திருப்பியும் நிறுத்தப் போறியா?"

"ஆமா."

"ஊரு உன்ன சும்மா வுடாதுக்கா."

விடாவிட்டால் போகட்டும் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். சுத்தியல் அடித்தது யார் என்று தெரிந்தால் அவனை யார்டுக்குள் யாரும் சேர்க்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் பழி முழுக்க தேவப்பிரியம் அண்ணன் தலையில் விழும். நேற்று கோடு, இன்று கோடில்லை, நாளைக்கு மறுபடி கோடு என்றால், கண் தெரியாத ஆளை வேலைக்கு வைத்திருக்கிறாய் என்பார்கள். தம்பியைக் காப்பாற்ற என் பிரிவின் மூத்த ஆளைக் குருடனாக்க வேண்டும். இல்லையென்றால் அவரைக் காப்பாற்ற தம்பியை ஊர் நடுவில் நிறுத்த வேண்டும். தலைவி என்ற பட்டத்துக்குள் இப்படி ஒரு முள் இருப்பது பட்டம் கொடுத்த அன்று யாரும் சொல்லவில்லை.

ஷிபினைக் கூப்பிட்டு, கையிலிருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டுக் காந்தத்தோடு வா என்றேன். அவன் பைக்கில் கிளம்பிவிட்டான். ஆனால் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் அன்றைக்கென்று ஒரு இஞ்ச் நகரவில்லை. ஒவ்வொரு முறை போன் செய்தபோதும் மேடம், சந்து வழியா வரேன் என்றான். நான் யார்டு கேட்டுக்கும் யானைக்கும் நடுவே நடந்தேன். லட்டு வந்தது. ஒன்று எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன், அது பிசுபிசுத்துவிட்டது. எம்.டி. மறுபடி போன் செய்தார். காந்தம் வருகிறது சார் என்றேன். எதற்கு என்றார். எனக்காக சார் என்று வைத்துவிட்டேன். இன்னொரு சமயமாக இருந்தால் அந்தப் பதிலுக்கு என் வேலை போயிருக்கும்.

ஷிபின் வந்தபோது சட்டை பிழிந்தால் வாளி நிரம்பும். படகுக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். அம்மாவும் வந்து நின்றாள், யார் சொன்னார்களோ. இந்த முறை நான் யாரையும் விடவில்லை. காந்தத்தை நானே வாங்கி, பற்றவைப்பின் இரண்டு பக்கமும் அதன் கால்களைப் பதித்து, பொத்தானை அழுத்தினேன். அது உம்மென்று முனகியது. தேவப்பிரியம் அண்ணன் கறுப்புத் தூளைத் தூவினார்.

தூள் முதலில் சும்மா கிடந்தது. அப்புறம் எறும்பு சர்க்கரைக்கு வருவதுபோல ஒரே பக்கமாக நகர்ந்து கோடு கட்டியது. விரல் நீளத்தோடு நிற்கவில்லை. பற்றவைப்பின் மூலையைத் தாண்டி, பக்கத்துத் தகட்டில் இறங்கி, ஒரு முழம் ஓடியது.

மாமாதான் முதலில் பேசினார். என்னிடம் பேசவில்லை, தேவப்பிரியம் அண்ணனிடம் பேசினார். நேற்று ஒன்று, காலையில் ஒன்று, இப்போது ஒன்றா, கண்ணை அடகு வைத்துவிட்டா வேலைக்கு வருகிறாய் என்று கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. எனக்கும் வெற்றிக்கும் மட்டும்தான் தெரியும், நான் வாயைத் திறக்காவிட்டால் போதும். திறந்தேன்.

"அவரு மேல தப்பு இல்ல மாமா. ராத்திரிக்குள்ள அந்த எடத்த யாரோ சுத்தியால அட்ச்சிருக்காங்க," என்றேன்.

"நாந்தான் அட்ச்சேன்," என்றான் வெற்றி, கூட்டத்தின் பின்னாலிருந்து. இடது கை மேலே இருந்தது, பள்ளிக்கூடத்தில் தூக்குவது மாதிரி.

அதன் பிறகு நடந்ததை நான் விவரமாகச் சொல்லப் போவதில்லை. அவனை அடிக்க வந்தவர்களை மாமாதான் தடுத்தார். அம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். யானையை நிறுத்தியாயிற்று. துறைமுகத்துப் பக்கமிருந்து பெரிய கிரேன் லாரி ஒன்றை வாடகைக்குப் பேசினார்கள். அது லாரி வரிசையில் மாட்டி மறுநாள்தான் வந்தது. காசிமேட்டுப் படகுகள் எல்லாம் பட்டாசு வெடித்துக் கிளம்பியபோது எங்கள் யார்டுப் படகுகள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தன. கிரேன் ஒன்றொன்றாக இறக்கியது, ஆமை வேகத்தில். வெற்றியின் படகுக்கு முதல் இடம் போய்க் கடைசி இடம் என்று எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு சொன்னார்கள். அவன் ஒப்புக்கொண்டான். தெருவில் என்னைப் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் சரியாகச் செய்தேன் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அழுகை வந்தது. குழாயடியில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது யாருமே பேசாமல் இருந்தால் எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

கிரேன் படகுகளை இறக்கிக்கொண்டிருந்த அதே சமயம், யானைக்குப் புதுத் தகடு போட வெல்டர் வந்து விரிசல் ஓடிய இடத்தைச் சுற்றி அறுத்து எடுத்தார். சூடு ஆறியதும் அந்தத் துண்டை வெற்றியிடம் நீட்டி, உன் வேலைப்பாட்டைப் பார்த்துக்கோ என்றார். அவன் வாங்கும்போது கை தவறிக் கீழே கல்லில் விழுந்தது. பெரிய அடி ஒன்றும் இல்லை, இடுப்பு உயரம்தான். விழுந்த வேகத்தில் அது இரண்டாகப் பிரிந்துகொண்டது.

பிரிந்த முகத்தில் முக்கால்வாசி துரு. பழைய துரு. அந்தத் துருவின் மேல், மேல்விளிம்பிலிருந்து ஆழம் வரைக்கும், சிவப்பு. முதல் நாள் தேவப்பிரியம் அண்ணன் பூசிய சாயம் உள்ளே இறங்கி, வெற்றி மேலே வாயை அடித்து மூடியதால், வெளியே வர வழியில்லாமல் அங்கேயே இருந்திருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு நூல் கனத்துக்குத்தான் இரும்பு பிடித்துக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் அவன் படகைத் தூக்கியிருப்பார்கள், அதற்கடியில்தான் அவன் நின்றிருப்பான்.

அம்மா கிட்டே வந்து பார்த்தாள். இது நான் வெச்ச குங்குமமா என்று கேட்டாள். இல்லம்மா, நாங்க வெச்ச சாயம் என்றேன். அவள் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அப்புறம் சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினாள்.

வெற்றி இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்தான். அச்சாகப் பொருந்தியது. அவன் அடித்த பக்கத்தில் கோடு இருக்கிற இடமே தெரியவில்லை. பிரித்தான், சிவப்பு. மறுபடி சேர்த்தான். இப்படியே செய்துகொண்டிருந்தான். கிரேன்காரர் அவன் படகைக் காட்டி விசில் அடித்தார். கரையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். கடைசியாக இறங்கினாலும் சாயங்காலத்துக்குள் கிளம்பிவிடலாம், முதல் ஓட்டத்தில் மிச்சம் மீதியாவது கிடைக்கும்.

அவன் போகவில்லை.

"யக்கா, நம்ம போட்டுல நைனா அட்ச்சது, நான் அட்ச்சது... அதெல்லாம்?"

கொருக்குப்பேட்டைப் பாலத்தை ஒரு நாள் விடாமல் சந்தேகப்பட்டவள் நான். யாரோ போட்ட பற்றவைப்பை நினைத்து எத்தனையோ நாள் தூங்காமல் கிடந்தவள். எங்கள் படகில் அப்பா போய் வந்தார், அவருக்குப் பிறகு இவன் போய் வருகிறான். அதன் அடிவயிற்றில் எத்தனை இடத்தில் வாயை அடைத்திருக்கிறோம் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. ஒழுகவில்லை, அதனால் விட்டுவிட்டேன். அவனைப் போலவேதான் நானும்.

என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. தேவப்பிரியம் அண்ணனின் பெட்டியிலிருந்து சிவப்பு நாடாவை எடுத்துக்கொண்டு போனான். கிரேன்காரர் என்ன என்று கேட்க, வேணாண்ணா, நீ போ என்று கையசைத்தான். மாமா ஓடி வந்தார், உனக்குப் பைத்தியமா, இதை விட்டால் கிரேன் திரும்ப எப்போது வருமோ என்று கத்தினார். வெற்றி காதில் வாங்காமல் நாடாவைப் படகின் முகப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, இடது கையால் முடிச்சுப் போட்டான்.

பிறகு படகின் அடியில் குனிந்து, பெயின்ட் மினுங்குகிற ஒரு இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினான்.

"காந்தத்த எடுத்துகினு வாக்கா," என்றான். "மொதல்ல இங்க பாரு. இது நைனா அட்ச்சது."

நான் அவன் பக்கத்தில் மண்டி போட்டுக் காந்தத்தை வைத்தேன்.